ஆறாம் லெவல் ஃபைட்டருக்கு எந்தப் பதவி கொடுக்கலாம்?

கேள்வி இதுதான்: டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டிக் கதைக்குள் ஒரு பாத்திரமாக ஆடுவது) ஆட்டத்தில் ஆறாம் லெவல் ஃபைட்டர், அதாவது போர்வீரன், ஒருவன் ராஜாவின் படையில் சேருகிறான். அவனை எந்தப் பதவியில் வைப்பது? லெவலையும் ராணுவப் பதவியையும் பொருத்த ஏதாவது அட்டவணை இருக்கிறதா?

இருக்குதுங்க. நான்தான் அதைப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

இந்த ஆட்டத்தின் பூர்வீகமே படைதான். 1971-இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் போட்ட செயின்மெயில் என்ற பொம்மைப் படைச் சண்டை ஆட்டத்தின் விதிகளில் 'ஹீரோ' என்றால் நாலு ஆளுக்குச் சமம், 'சூப்பர் ஹீரோ' எட்டு ஆளுக்குச் சமம். 1974-இல் டி அண்ட் டி வந்தபோது அந்த நாலும் எட்டும் அப்படியே லெவலாக மாறின. நாலாம் லெவல் ஃபைட்டருக்குப் பட்டம் ஹீரோ, எட்டாம் லெவலுக்கு சூப்பர் ஹீரோ, ஒன்பதுக்கு லார்ட். அதாவது, லெவல் என்பது ஒருத்தன் எத்தனை பேருக்கு ஈடாக நின்று அடிப்பான் என்ற கணக்கு. எத்தனை பேரை அவன் நடத்துவான் என்பதை அது சொல்லவே இல்லை.

அந்த இரண்டாவது கணக்கு 1979-இல் வந்த அட்வான்ஸ்டு டி அண்ட் டி-யின் டன்ஜன் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துகிறவர்) கையேட்டில் இருக்கிறது. கூலிக்கு ஆள் எடுக்கும் பகுதியில் பாருங்கள். சார்ஜென்ட் ஒன்றாம் லெவல், பத்துப் பேருக்குத் தலை. லெப்டினன்ட் இரண்டு அல்லது மூன்றாம் லெவல். கேப்டன் ஐந்து முதல் எட்டு, அவருடைய லெவலை இருபதால் பெருக்கினால் எத்தனை பேரை நடத்தலாம் என்று வந்துவிடும். இந்தக் கணக்கில் உங்கள் ஆறாம் லெவல் ஆள் 120 பேருக்குக் கேப்டன். வேறு எதுவும் வேண்டாம், பதில் மட்டும் போதும் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இன்றைய ஐந்தாம் பதிப்பில் இது ஓடாது. ஐந்தாம் லெவல் மந்திரவாதிக்கு ஃபயர்பால் என்ற நெருப்புருண்டை மந்திரம் கிடைத்துவிடுகிறது. அதன் அடி எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28. சாதாரணக் காவலாளிக்கு ஹிட் பாயின்ட் (தாங்கக்கூடிய அடி) 11. அவன் தப்பித்துப் பாதி அடி வாங்கினாலும் 14, அதுவும் சாவுதான். நெருக்கி நிற்கிற ஒரு வரிசையே ஒரு மூச்சில் காலி. இப்படிப்பட்ட மந்திரவாதியைக் 'கேப்டன்' என்று சொல்லி முகாமில் உட்கார வைத்து, குதிரைக்குக் கொள்ளு வந்ததா என்று கணக்குப் பார்க்கச் சொன்னால் யார் கேட்பார்கள்? இன்னொரு சிக்கலும் உண்டு. கதைக்குள் ஒன்றிரண்டு மாதத்திலேயே ஐந்து லெவல் ஏறிவிடுகிறார்கள். அந்த வேகத்தில் எந்தப் படையிலும் யாருக்கும் புரமோஷன் வராது.

நான் கடைப்பிடிப்பது அக்பர் காலத்து மன்சப்தாரி முறை. டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்தவர்களுக்கு இது தூக்கத்தில் கேட்டாலும் வரும். ஒவ்வொரு மன்சப்தாருக்கும் இரண்டு எண்கள், ஜாட், சவார். ஜாட் அவருடைய சொந்த அந்தஸ்தும் சம்பளமும். சவார் அவர் வைத்துப் பராமரிக்க வேண்டிய குதிரைவீரர் கணக்கு. இரண்டும் தனித்தனி எண்கள். நானும் கேரக்டர் ஷீட்டில் லெவலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு 'ஆள் கணக்கு' என்று எழுதிவிடுகிறேன். லெவல் பகடையாலும் அனுபவத்தாலும் ஏறும். ஆள் கணக்கு ராஜா கையெழுத்துப் போட்டால்தான் ஏறும்.

இது ஒன்றும் கற்பனை இல்லை. இருபத்தைந்து வருசம் சர்வீஸ் போட்ட சுபேதார், அகாடமியிலிருந்து நேற்று வந்த லெப்டினன்டுக்கு சல்யூட் அடிக்கிறார். சண்டை என்று வந்தால் யார் லெவல் அதிகம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இங்கே பக்கத்தில் வெலிங்டனில்தான் இருக்கிறது. உங்கள் ஊரில் எக்ஸ்-சர்வீஸ்மேன் ஒருவர் கட்டாயம் இருப்பார், அவரைக் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார். அளவுக்கும் அந்த ஏணியையே எடுத்துக்கொள்ளுங்கள். செக்‌ஷன் பத்துப் பேர், மூன்று செக்‌ஷன் ஒரு பிளட்டூன், மூன்று பிளட்டூன் ஒரு கம்பெனி.

ஈரோட்டில் ஞாயிற்றுக்கிழமை நான் நடத்தும் ஆட்டத்தின் கோட்டை சங்ககிரியைப் பார்த்து வரைந்தது. மலை, அதன்மேல் அடுக்கடுக்காக வாசல். எட்டாம் லெவல் ஃபைட்டர் ஒருத்தர் அனுமதி ஓலை இல்லாமல் இரண்டாம் வாசலுக்கு வந்து நின்றார். அங்கே காவல் தலைவன் வெறும் மூன்றாம் லெவல்.

"ஏனுங்க, இவன ஒரே வெட்டுல முடிச்சுப்போடலாமுங்களா?"

"தாராளமா. பகடை கூட வேண்டாம்."

"அப்புறம்?"

"மேல சுவத்துல முப்பது வில்லு நிக்குது. அதையும் தாண்டிட்டீங்கன்னு வெச்சுக்குங்க. ராத்திரிச் சோத்துக்கு எந்த வாசலுக்குப் போவீங்க?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மனுஷன் வாளை உறையில் போட்டுவிட்டு ஓலை வாங்கக் கீழே இறங்கினார். அந்த ஓலைக்காகவே இரண்டு வாரம் ஆட்டம் ஓடியது.

படை அதிகாரிகளுக்கு ஸ்டேட் பிளாக் (திறன்களின் எண் பட்டியல்) தேடுகிறவர்களுக்கு: 2014 மான்ஸ்டர் மேனுவலில் நைட் என்று ஒன்று இருக்கிறது, சேலஞ்ச் ரேட்டிங் (எதிரியாக வந்தால் எவ்வளவு கடினம் என்ற எண்) 3, ஹிட் பாயின்ட் 52. கூட நிற்பவர்களின் பகடையில் ஒரு நாலுமுகப் பகடையைக் கூட்டித் தரும் தலைமைத் திறனும் அதற்கு உண்டு. எனக்குக் கம்பெனித் தலைவர் என்றால் அதுதான். அதே புத்தகத்தில் நோபிள் வெறும் 9 ஹிட் பாயின்ட், வாசல் காவலாளியைவிட இரண்டு குறைவு. ஆயிரம் பேர் படைக்குத் தலைவராக அந்த ஒன்பதைத் தைரியமாக உட்கார வையுங்கள். அவரைக் காப்பாற்றுவதே வீரர்களுக்கு ஒரு வேலையாகிவிடும்.

பதினொன்றாம் லெவலுக்கு மேல் போனவர்களைப் பதவி ஏணியில் வைக்கவே கூடாது என்பேன். அவர்களுக்கு நிலமும் வரி வசூலும் கொடுத்துப் பட்டக்காரர் ஆக்கிவிடுங்கள். 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையை நினைத்துப் பாருங்கள். ஓடாநிலையில் கோட்டை கட்டி அவர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை எதிர்த்தது, எந்த ராஜாவும் கொடுத்த கேப்டன் பதவியில் இருந்துகொண்டு அல்ல. அவர் பின்னால் ஊரே நின்றது. பழைய விதிகளில் ஒன்பதாம் லெவல் லார்ட் கோட்டை கட்டினால் ஆள் தானாக வந்து சேரும் என்று இருப்பதும் இந்த மாதிரிதான்.

உங்கள் ஆறாம் லெவல் ஆளுக்கு ஒரு பிளட்டூன் கொடுங்கள், முப்பது பேர் போதும். அந்த முப்பதில் எட்டாம் லெவல் கிழட்டு சுபேதார் ஒருவரையும் போட்டுவிடுங்கள். எந்த உத்தரவுக்கும் "ஆகட்டுங்க" என்று தலையாட்டிவிட்டு, தனக்குச் சரி என்று பட்டதை மட்டும் செய்கிறவராக அவரை நடத்துங்கள்.