கேபிள் கார் நின்றுவிட்டால் டேபிள் மவுண்டனிலிருந்து எப்படி இறங்குவது?

கேள்வி: டிசம்பரில் இரண்டு நாள் கேப்டவுனில் தங்குகிறோம். நானும் கணவரும் பிளாட்டெக்லிப் பாதையில் ஏறிக் கேபிள் காரில் இறங்க நினைக்கிறோம். முழங்கால் வலியுள்ள என் அம்மா இரண்டு வழியும் கேபிள் காரில்தான். மலையேற அனுமதிச்சீட்டும், கேபிள் கார் கட்டாயம் ஓடும் என்ற உத்தரவாதமும் தருவதாகச் சொல்லி முகவர் ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். டாஃபெல்பெர்க் சாலையிலிருந்து பிளாட்டெக்லிப் வழியாக ஏற அனுமதிச்சீட்டே கிடையாது. கேபிள் கார் ஓடும் என்று 1929 முதல் அதை இயக்கிவரும் நிறுவனமே உறுதி தருவதில்லை. அதை முடிவு செய்வது காற்று.

டிசம்பர் அங்கே கோடை, தென்கிழக்குக் காற்றின் பருவம். கடலின் ஈரத்தோடு வரும் அக்காற்று ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகையில் குளிர்ந்து மேகமாகி, உச்சியில் விரிந்து, நகரப் பக்கம் வழிந்து இறங்குகையில் கரைந்துபோகும். கீழே நிற்பவர்கள் அதை ‘மேசை விரிப்பு’ என்று படமெடுப்பார்கள். அதற்குள் நிற்பவருக்கோ பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. வானிலை மாறினால் மேல்நிலையத்தில் சைரன் ஒலிக்கும். அம்மா அதைக் கேட்டதும், படம் எடுப்பதை விட்டுவிட்டு நிலையத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

நீங்கள் இருவரும் நடந்தே இறங்க நேரிடும் என்று எண்ணித்தான் புறப்பட வேண்டும். ஏறிய பாதையிலேயே இறங்குங்கள். இந்த மலையின் மணற்பாறை 45 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது; கிடையான அடுக்குகளாகப் படிந்ததால் விளிம்புகள் மேலிருந்து பார்க்கப் படிக்கட்டுப் போலவே இருக்கும். மூன்று படி இறங்கினால் நான்காவது படி இருக்காது, செங்குத்துப் பாறைதான் இருக்கும். பாதை வடக்கு நோக்கியது, நிழல் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் ஒரு காற்றுத்தடுப்புச் சட்டையும் வேண்டும். வழிப்பறி நடந்திருப்பதால் வேறு குழுவினரோடு சேர்ந்து செல்லுங்கள். நகரத்துப் பக்கம் வாயிலும் இல்லை, ஏறியவர் எத்தனை, இறங்கியவர் எத்தனை என்று எண்ணுபவரும் இல்லை. தேசியப் பூங்கா என்று 1998-இல் பெயரிட்டுவிட்டு இதைக்கூடச் செய்யாதிருப்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

முகவர்கள் தங்கள் கதைக்குப் பிடித்துக்கொள்ளும் விதிவிலக்கு ஒன்று உண்டு. மலையின் மறுபுறத்து ஸ்கெலிட்டன் கார்ஜ் பாதை, 1913-இல் நிறுவப்பட்ட கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் தோட்டத்துக்குள்ளிருந்து தொடங்குவதால், தோட்டத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கியாக வேண்டும். அது தோட்டத்துக்கான சீட்டு. மலையேறுவதற்கான அனுமதி அன்று. தோட்ட வாயிலிலேயே கிடைக்கும், இடையில் எவரும் தேவையில்லை. அந்தச் சீட்டைக் காட்டித்தான் “பார்த்தீர்களா, மலைக்கு அனுமதி வேண்டும்” என்று பிளாட்டெக்லிப்புக்கும் சேர்த்துக் காசு பறிக்கிறார்கள். மரஏணிகளும் வழுக்குப் பாறைகளும் உள்ள அவ்வழி உங்களுக்கு வேண்டாம்.

இரண்டு நாளில் காற்று அடங்கிய காலையை மலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கான சீட்டை நிறுவனத்தின் இணையதளத்தில், அன்று காலை வண்டி ஓடுகிறதா என்று பார்த்த பிறகு வாங்குங்கள்.