பசிபிக்கில் ஜப்பானின் தோல்வி மிட்வேயிலேயே முடிவாகிவிட்டதா?

இரண்டாம் உலகப் போரில் மிட்வே தீவருகே நடந்த கடற்சண்டையோடு ஜப்பானின் கதை முடிந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்பதுதான் என் பதில். 1942 ஜூனில் மிட்வேயில் அகாகி, காகா, சோர்யு, ஹிர்யு என்று நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை அவர்கள் இழந்தார்கள். பெரிய அடிதான். ஆனால் அதற்குப் பிறகும் கப்பல்களுக்கும் தேர்ந்த விமானிகளுக்கும் பஞ்சமில்லை. அந்தப் பலத்தை ஆறே மாதத்தில் கரைத்தது குவாடல்கனால் தீவுச் சண்டை. அங்கே ஜப்பானைத் தோற்கடித்ததில் பீரங்கியைவிட அரிசிக்குப் பங்கு அதிகம் என்பேன்.

நான் பதினாறு வருடம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். கிரேனும் ஜெட்டியும் உள்ள துறைமுகத்திலேயே சரக்கு இறக்க இரண்டு மூன்று நாள் ஆகும். ஜெட்டியே இல்லாத கரையில், இருட்டில், விளக்குப் போடாமல் இறக்கு என்றால் என்ன பாடு! இந்தப் போரைப் படிக்கும்போதெல்லாம் என் மனசு அங்கேதான் போய் நிற்கும்.

சாலமன் தீவுகளில் ஒன்றான குவாடல்கனாலில் ஜப்பானியர் ஒரு விமானதளம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1942 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க மரைன் படை இறங்கி, மறுநாளே அதைப் பிடித்தது. அன்று இரவே சாவோ தீவருகே ஜப்பானியக் கடற்படை நேச நாடுகளின் நான்கு கனரகக் குரூசர் போர்க்கப்பல்களைத் தாக்கி மூழ்கடித்தது. சரக்குக் கப்பல்கள் பாதியை இறக்காமலே கிளம்பிவிட்டன. கரையில் தனியாக நின்ற மரைன்கள், ஜப்பானியர் விட்டுப்போன அரிசியை ஒரு நாளைக்கு இரண்டு வேளை சாப்பிட்டு, அவர்களுடைய ரோடு ரோலரையே ஓட்டி ஓடுபாதையை முடித்தார்கள். ஆகஸ்ட் 20 அன்று முதல் போர் விமானங்கள் வந்து இறங்கின. ஹெண்டர்சன் தளம் என்று பெயர் வைத்தார்கள்.

அதோடு அந்தக் கடலில் பகல் அமெரிக்காவுடையது, இரவு ஜப்பானுடையது என்றாகிவிட்டது. மெதுவாக நகரும் சரக்குக் கப்பல் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. தளத்தை மீட்க ஜப்பான் அனுப்பிய படையை, டிஸ்ட்ராயர் என்ற வேகமான சிறு போர்க்கப்பல்கள் ராத்திரியோடு ராத்திரியாக வந்து இறக்கிவிட்டு, விடிவதற்குள் விமானங்களுக்கு எட்டாத தூரம் போய்விட வேண்டும். டோக்கியோ எக்ஸ்பிரஸ் என்று அமெரிக்கர்கள் அழைத்தது இதைத்தான். டிஸ்ட்ராயரில் ஆட்களை ஏற்றலாம். பெரிய பீரங்கிகளுக்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேண்டிய அரிசிக்கும் அதில் இடமில்லை. நவம்பர் நடுவில் ஜப்பானியர் துணிந்து 11 சரக்குக் கப்பல்களை அனுப்பினார்கள். ஏழு வழியிலேயே மூழ்கிப்போயின. மிச்சம் நான்கை வேண்டுமென்றே கரையில் ஏற்றி நிறுத்தினார்கள், அவையும் எரிந்தன. அதே நாட்களில் ஹியெய், கிரிஷிமா என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களும் மூழ்கின.

அப்புறம் வந்ததுதான் டிரம் யோசனை. எண்ணெய் டிரம்களைக் கழுவி, மிதக்கிற அளவுக்கு மட்டும் அரிசியும் பார்லியும் நிரப்பி, கயிற்றில் கோத்துக் கரையருகே கடலில் தள்ளுவார்கள். கரையில் இருப்பவர்கள் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொள்ள வேண்டும். பல நாள் பட்டினி கிடந்தவனுக்கு அதை இழுக்க ஏது தெம்பு? டிசம்பர் 3 இரவு 1,500 டிரம் தள்ளினார்கள். கைக்கு வந்தது 310. மற்றவற்றை விடிந்ததும் விமானங்கள் சுட்டு மூழ்கடித்தன. அடுத்த வாரம் 1,200 தள்ளியதில் 220 கிடைத்தது. அந்த இரவு டெருசுகி என்ற டிஸ்ட்ராயரும் மூழ்கிப்போனது.

தீவின் மலையில் கிடந்த சிப்பாய்கள் தங்களுக்குள் ஒரு ஆயுள் கணக்கு வைத்திருந்தார்கள். எழுந்து நிற்க முடிந்தவனுக்கு 30 நாள். உட்கார மட்டும் முடிந்தவனுக்கு 3 வாரம். படுத்துவிட்டவனுக்கு ஒரு வாரம். பேச்சு நின்றவனுக்கு 2 நாள். கண் இமைக்காதவனுக்கு நாளை. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஜப்பானியர் அந்தத் தீவைச் சுருக்கமாக 'கா தீவு' என்பார்கள். பட்டினியைக் குறிக்கும் எழுத்துக்கும் அதே உச்சரிப்புதான். அங்கே இறந்த 20,000க்கும் மேற்பட்ட ஜப்பானியரில், சண்டையில் செத்தவர்களைவிடப் பசியிலும் மலேரியாவிலும் செத்தவர்களே அதிகம். 1943 பிப்ரவரி முதல் வாரத்தில் மூன்று இரவுகளில், மிஞ்சிய சுமார் 10,600 பேரை அதே டிஸ்ட்ராயர்கள் ஏற்றிக்கொண்டு போயின.

அமெரிக்கர்கள் இந்தப் பாடத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். ஜப்பானின் பெரிய தளமான ரபாவுலில் சுமார் ஒரு லட்சம் ஜப்பானியப் படையினர் சுரங்கம் தோண்டிக் காத்திருந்தார்கள். அமெரிக்கர்கள் அங்கே இறங்கவே இல்லை. சுற்றியுள்ள தீவுகளில் விமானதளம் போட்டுக் கப்பல் வழியை அடைத்துவிட்டார்கள். அந்தப் படை 1945 ஆகஸ்ட் வரை காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்துக்கொண்டு அங்கேயே கிடந்தது.