பீன்ஸ் கறிக்கு இவ்வளவு கரண்டா?

கேள்வி: சாட்ஸ்வொர்த்தில் மாமனார், மாமியாரோடு இருக்கிறோம். முன்பணம் கட்டும் பிரீபெய்டு கரண்ட் மீட்டரில் எவ்வளவு ஏற்றினாலும் மாதக் கடைசிவரை வருவதில்லை. புரட்டாசி வந்தால் இன்னும் மோசம். மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது, பாதி நாள் சுகர் பீன்ஸ் (ராஜ்மா மாதிரிக் காய்ந்த பயறு) கறிதான். தளதளவென்று கொதித்தால்தான் பீன்ஸ் வேகும் என்று மாமியார் அடுப்பைக் குறைக்க விடமாட்டார். குக்கர் என்றாலே அவருக்குப் பயம். என்ன செய்யலாம்? – ஒரு வாசகி, டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: அன்புச் சகோதரி, குக்கர் வாங்கச் சொல்லி அவரை வற்புறுத்த வேண்டாம். இருக்கிற பானையே போதும்.

கொதி வந்தபின் தண்ணீர் அதற்குமேல் சூடாகாது. நம் டர்பனில் 100 டிகிரியோடு நின்றுவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் பீன்ஸ் சீக்கிரம் வேகாது. ஆவிதான் அதிகமாகப் போகும். அந்த ஆவிதான் உங்கள் காசு. ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறக்குறைய 0.1 யூனிட் போதும். அதே ஒரு லிட்டரும் ஆவியாகிப் போக 0.6 யூனிட்டுக்கு மேல் வேண்டும். மூடாத பானையில் தண்ணீர் வற்ற வற்ற ஊற்றிக்கொண்டே இருந்தால் மீட்டர் என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். பீன்ஸை முந்தின இரவே ஊறப் போடுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் மூடி போட்டு, நன்றாகக் கொதி வந்தபின் கால் மணி நேரம் விடுங்கள். இதைக் குறைக்கவே கூடாது. பீன்ஸில் இயற்கையாக ஒரு நச்சு இருக்கிறது; பத்து நிமிடமாவது நன்றாகக் கொதித்தால்தான் அது போகும், இல்லாவிட்டால் வாந்தி, வயிற்றுவலி வரும். கொதிக்க வேண்டும் என்று மாமியார் சொல்வது இந்த அளவில் முழுக்க நியாயம்.

பிறகு அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல், பானையைத் துண்டில் சுற்றி, கெட்டிக் கம்பளி நாலாபுறமும் வருகிற மாதிரி ஒரு பெட்டிக்குள் வையுங்கள். பானை முக்கால்வாசியாவது நிறைந்திருக்கட்டும். கொஞ்சமாக இருந்தால் சூடு நிற்காது. மூன்று மணி நேரத்தில் திறந்தால் விரலால் நசுக்கும் பதத்துக்கு வந்திருக்கும். பழைய பீன்ஸ் என்றால் இன்னொரு கொதி விட்டு மறுபடி மூடுங்கள். நாள் முழுக்க அப்படியே விட்டுவிடாதீர்கள், கெட்டுப்போகும். அதன்பின் மசாலா தாளித்துச் சேர்த்து, ஒரு கொதி விட்டு இறக்கலாம். தக்காளி, புளி எல்லாம் பீன்ஸ் வெந்தபிறகுதான். புளிப்பு முன்னாலேயே சேர்ந்தால் வேக நேரமாகும்.

கடையில் விற்கிற வொண்டர்பேக் என்ற சூடு காக்கும் பையும் இதே வழிதான். 2008-ல், மின்வெட்டு நம்மை வாட்டிய காலத்தில், சாரா காலின்ஸ் என்பவர் இங்கே தொடங்கியது. கம்பளி இருக்கிற வீட்டில் அதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயம்: அடுப்பின் தட்டைவிடச் சிறிய பானையை வைக்காதீர்கள், இரும்புத் தட்டு அடுப்பானால் சோறு வேகச் சில நிமிடம் இருக்கும்போதே அணைத்துவிடுங்கள், கெட்டிலில் தேவையான கோப்பைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்.

மாமியாரிடம் வாதம் பண்ண வேண்டாம். அடுத்த முறை கீசரை அணைத்துவிட்டு, பீன்ஸ் போடுமுன் மீட்டரில் இருக்கும் யூனிட்டை அவரையே பார்க்கச் சொல்லுங்கள், கறி இறக்கியதும் மறுபடி. ஒரு நாள் அவர் முறையில், ஒரு நாள் கம்பளி முறையில். கறியை முதலில் ருசி பார்ப்பதும் அவராகவே இருக்கட்டும்.