அந்த நாற்காலியில் உட்காரலாமா? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்காவுக்கு,

பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். வயது 25. போன வருடம் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய் என்று சொன்னார்கள். ஆறு சைக்கிள், மொத்தம் பன்னிரண்டு கீமோ. முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன அன்று அம்மா சாமி அறையை விட்டு வெளியே வரவே இல்லை, அழுதுகொண்டே இருந்தார்.

எல்லாரும் "அதான் முடிஞ்சிருச்சே, இனிப் பழையபடி இரு" என்கிறார்கள். எனக்கு முடியவில்லை. வேலைக்குத் திரும்பிவிட்டேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் கம்ப்யூட்டரில் எழுத்து ஓடுகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே தெரிந்த சொல் வாயில் வராமல் நிற்கிறது. உயிரோடு இருக்கிறோம், சந்தோஷமாக இல்லையே என்று என் மேலேயே எனக்குக் கோபம்.

செக்கப்புக்குப் போனபோது, கீமோ கொடுக்கும் டேகேர் வார்டு மிஸி (நர்ஸ்), "புதுசா வர்ற சின்னப் பிள்ளைங்ககிட்ட வந்து பேசுறியா? உன்னைப் பார்த்தா அவங்களுக்குத் தைரியம் வரும்" என்று கேட்டார். தலையாட்டிவிட்டேன். பிழைத்தவள் திருப்பிக் கொடுக்கத்தானே வேண்டும்? அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "தெரிஞ்சவங்க யாராவது அங்க உன்னைப் பார்த்தா? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல கேட்டா என்ன சொல்றது?" என்கிறார். அதோடு, குணமானால் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் எனக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். இப்போதுதான் இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கிறது, அக்கா. அதுவும் சுருட்டையாக.

நான் போகலாமா? உங்கள் பதிலைப் பொதுவில் போட்டாலும் பரவாயில்லை, பெயர் மட்டும் வேண்டாம்.

*

அன்புள்ள தங்கச்சி,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் "நீ" என்றே எழுதுகிறேன். எனக்கும் அதே நோய், அதே பன்னிரண்டு தடவை. அப்போது எனக்கு 27. 2012 ஜனவரியில் கடைசி மருந்து ஏறியது. ஆகவே உன் கடிதத்தில் நீ சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போன இடங்களையும் என்னால் படிக்க முடிந்தது.

முதலில் உன் கேள்விக்குப் பதில். இப்போது போகாதே. மிஸியிடம் "இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும்" என்று சொல்லிவிடு. அம்மா சொல்லும் காரணத்துக்காக இல்லை. "திருப்பிக் கொடுக்கத்தானே வேண்டும்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரிக்காக.

நானும் அப்படி நினைத்துத்தான் போனேன். சிகிச்சை முடிந்து ஏழாவது மாதம். வார்டில் பத்தொன்பது வயதுப் பையன், அவனுக்கும் லிம்ஃபோமா. அவன் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். எந்த மருந்துக்கு என்ன ஆனது, எத்தனை நாள் வாந்தி, எப்படித் தேறினேன் என்று முக்கால் மணி நேரம் பேசினேன். அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நடுவில் எப்போதோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். அதை நான் கவனித்தும் நிறுத்தவில்லை. கிளம்பி கார் பார்க்கிங் வந்ததும், கையில் ஒட்டியிருந்த ஸ்பிரிட் வாசனைக்கு வயிறு புரட்டி, தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். மருந்து ஏறிய நாட்களின் வாசனையை உடம்பு அப்படிப் பிடித்து வைத்துக்கொள்கிறது, கீமோ எடுத்த பலருக்கும் இது உண்டு. அன்று என் கதையைக் கேட்க ஆள் தேவைப்பட்டது எனக்குத்தான். அதற்கு நோயில் கிடந்த ஒரு பிள்ளையைப் பயன்படுத்திக்கொண்டேன். அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். உனக்கு முதலில் உன் கதையைச் சொல்ல ஓர் இடம் வேண்டும், கேட்க ஒருவர் வேண்டும். அதே மிஸியிடம், "நான் வந்து பேசுறது இருக்கட்டும், என்கிட்ட பேச யாராவது இருக்காங்களா?" என்று கேள். கேட்க வெட்கமாக இருக்கும். கேள். மலேசியத் தேசியப் புற்றுநோய்ச் சங்கம் 1966-லிருந்து இருக்கிறது, தேசியப் புற்றுநோய் மன்றமான மக்னா 1994-லிருந்து இருக்கிறது. எல்லாரும் பணமும் மருந்தும் கேட்டுத்தான் கதவைத் தட்ட வேண்டும் என்பதில்லை.

"முடிஞ்சிருச்சே" என்கிறவர்கள் மேல் கோபப்படாதே, அவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும். ஃபிட்ஷு மலன் என்று ஓர் அமெரிக்க டாக்டர் இருந்தார். 1975-ல், 32 வயதில், அவருக்கே புற்றுநோய் வந்தது. பத்து வருடம் கழித்து, 1985-ல், ஒரு மருத்துவ இதழில் அதைப் பற்றி எழுதினார். பிழைத்தல் என்பது ஒரு நாளில் நடந்து முடிகிற காரியம் இல்லை, அதற்குப் பருவங்கள் உண்டு என்பது அவர் சொன்னது. தண்ணீரில் மூழ்குகிறவனை இழுத்து வெளியே போட எவ்வளவோ நுட்பம் கண்டுபிடித்துவிட்டோம், ஆனால் இழுத்துப் போட்ட பிறகு படகுத்துறையிலேயே இருமிக்கொண்டு கிடக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போய்விடுகிறோம் என்றும் எழுதினார். நீ பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்கு ஃபெர்ரியில் வந்து போகிறவள், படகுத்துறை உனக்குத் தெரியும். நீ இப்போது அங்கேதான் கிடக்கிறாய். ஐந்து மாதத்தில் எழுந்து ஓட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

மதியம் எழுத்து ஓடுவதும், சொல் வராமல் நிற்பதும் சோம்பேறித்தனம் இல்லை, மனப்பிரமையும் இல்லை. கீமோவுக்குப் பின் வரும் அசதி தூங்கி எழுந்தால் தீருகிற அசதி இல்லை. சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும், சிலருக்கு வருடக்கணக்கிலும் இருக்கும். கவனம் சிதறுவது, சொல் மறப்பது எல்லாம் டாக்டர்கள் அறிந்த விஷயங்கள்தான். அடுத்த செக்கப்பில் மறைக்காமல் சொல், ரத்தச் சோகை, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல். எனக்கு உதவியது நடைதான். ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டிலிருந்து மார்க்கெட் வரைக்கும் காலையில் பத்து நிமிடம், அப்புறம் பதினைந்து. கஷ்டமான வேலையை எல்லாம் காலையிலேயே முடித்துவிட்டு, மதியத்துக்குக் கையெழுத்துப் போடுகிற மாதிரி வேலைகளை வைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லி வைத்ததால்தான் அது நடந்தது.

இன்னொன்று, இதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று பயப்படுகிறேன். உனக்கு என்னென்ன மருந்து, மொத்தம் எவ்வளவு அளவு ஏறியது என்று டாக்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள். நம் நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் நான்கு மருந்துகளில் இரண்டைப் பற்றி ஆயுசுக்கும் நினைவு வேண்டும். அந்தச் சிவப்பு மருந்து, அட்ரியமைசின், இதயத்தைத் தொடக்கூடியது. வாழ்நாள் முழுவதற்குமான கூட்டுத்தொகை அதில் முக்கியம், அதனால் நாளைக்கு வேறு எந்த டாக்டரிடம் போனாலும் அந்தக் கணக்கு அவருக்குத் தெரிய வேண்டும். இன்னொன்று பிளியோமைசின், அது நுரையீரலுக்கு. பிற்காலத்தில் எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், மயக்க மருந்து கொடுக்கிறவரிடம் "நான் பிளியோமைசின் எடுத்திருக்கிறேன்" என்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதிக அளவு ஆக்ஸிஜன் அந்த நுரையீரலுக்கு ஆகாமல் போகலாம். என் காகிதம் பிளாஸ்டிக் உறையில், ஐசிக்கு (அடையாள அட்டைக்கு) பின்னால், பதினான்கு வருடமாகப் பர்ஸில் இருக்கிறது.

இனி அந்த நாற்காலி விஷயம்.

எனக்குக் கிடைத்த முதல் துணை யார் தெரியுமா? டேகேரில் பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு சீன ஆன்ட்டி. அறுபது வயது இருக்கும், மார்பகப் புற்றுநோய். அங்கே எல்லாருமே அந்த வயதுதான், என்னைப் பார்த்ததும் "பாவம், சின்ன வயசு" என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஆன்ட்டி ஒன்றும் சொல்லவில்லை. மிஸி சிவப்பு ஊசியை எடுத்து வந்தபோது, டிஷ்யூவில் மடித்த ஓர் ஆசாம்போயை (உப்பில் ஊறிக் காய்ந்த பிளம் பழம்) என் கையில் வைத்து, "சிவப்பு ஏறும்போது வாயில போட்டுக்கோ" என்று மலாயில் சொன்னார். அவ்வளவுதான். புளிப்பும் உப்புமாக அது நாக்கில் கரைந்துகொண்டிருந்தபோது, வாயில் எப்போதும் இருக்கும் அந்த இரும்புச் சுவை கொஞ்ச நேரம் காணாமல் போனது. என் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை.

1952-ல் நியூயார்க்கில் டெரீஸ் லாசர் என்ற பெண்மணி, மார்பகம் அகற்றப்பட்ட பிறகு, அதே ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த மற்றப் பெண்களைப் பார்க்கப் போக ஆரம்பித்தார். அவர் தொடங்கியதுதான் பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. கையில் கொண்டு போனது என்ன? உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளத் தற்காலிகமாக ஒரு பஞ்சு, கைக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பந்து, ஒரு கயிறு. இதையும் ஆசாம்போயையும் நான் எப்போதும் சேர்த்தே நினைத்துக்கொள்வேன்.

இரண்டு வருடம் பொறுத்து, முறையாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். மருந்தைப் பற்றி ஆலோசனை சொல்லக் கூடாது, கேட்டதை வெளியே கொண்டு போகக் கூடாது, "நான் பிழைச்சேன், நீயும் பிழைப்பே" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, தாங்க முடியாததைக் கேட்டால் கவுன்சிலரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். வாக்குக் கொடுக்காமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. முதலில் "உட்காரலாமா?" என்று கேட்கப் பழகினேன். "வேண்டாம்" என்றால் சிரித்துவிட்டுத் திரும்பி வரவும் பழகினேன். ஒரு நாள், உன் வயதிருக்கும், ஒரு பெண் அரை மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, குளிக்கும்போது முடி கொட்டித் தண்ணி போற ஓட்டை அடைச்சுக்குது. அம்மா பார்க்கிறதுக்குள்ள எப்படி அள்ளுறது?" என்று கேட்டாள். என் வீட்டில் பழைய டீ வடிகட்டியின் வலையை வெட்டி அந்த ஓட்டை மேல் போட்டு வைத்திருந்தேன், அதைச் சொன்னேன். அவள் தலையணைக்குள் முகத்தை வைத்து அழுதாள். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அன்று வாசலில் ஸ்பிரிட் வாசனை வந்தது, வயிறு ஒன்றும் செய்யவில்லை.

உனக்கும் அப்படி ஒரு நாள் வந்தால் போ. இன்னொருவர் கதையைக் கேட்கும்போது உன்னுடையது பொங்கி மேலே வராமல் இருக்கிறதா என்று பார், அதுதான் அடையாளம். அப்படி ஒரு நாள் வராவிட்டால் போக வேண்டாம். நீ யாருக்கும் எதுவும் பாக்கி வைக்கவில்லை.

அம்மாவைப் பற்றி. அவர் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், நம் ஆட்கள் மத்தியில் அது வெறும் கற்பனை இல்லை. ஆனால் மறைத்துச் செய்கிற கல்யாணத்தில் நீ ஒவ்வொரு செக்கப்புக்கும் பொய் சொல்லிக்கொண்டு போக வேண்டியிருக்கும். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம், கட்டிக்கொள்ளப் போகிறவனுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். இதில் நான் உன் பக்கம்தான். அதே சமயம், இந்த ஒரு வருடம் உன் அம்மாவிடம் "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று யாராவது கேட்டிருப்பார்களா? நீ கேள்.

மொட்டைக்கு வருகிறேன். எனக்குத் தலையில் ஒன்றுமே இல்லாமல் இருந்த நாட்களில் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்காரர், "வேண்டுதலாம்மா? முருகன் பார்த்துக்குவான்" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, பூ வாங்கிக்கொண்டு வந்தேன். பூ வைக்க இடமில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தேன். என் அம்மாவும் உன் அம்மா மாதிரிதான் வேண்டிக்கொண்டிருந்தார். 2013 தைப்பூசத்தில் தண்ணீர்மலையின் 513 படிகளை ஒன்பது இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினோம். அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிட்டேன், முழு மொட்டை வேண்டாம், பூமுடி கொடுக்கிறேன் என்று. ஒரே ஒரு கொத்துத்தான் வெட்டினார்கள். அம்மாவுக்கு முதலில் முகம் சரியில்லை. பிறகு அவரே போய் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டார். இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார், வெயிலில் அவர் தலை பளபளத்தது. வழியெல்லாம் நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். உன் அம்மாவிடம் பூமுடியைப் பற்றிச் சொல்லிப் பார்.

சுருட்டையைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கீமோவுக்குப் பிறகு நிறையப் பேருக்கு அப்படித்தான் வருகிறது. எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது, பிறகு நேராகிவிட்டது. இருக்கும்போதே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்.