மிச்சமிருக்கும் ஸ்டெரொயிட் துளியை மறுபடி போடலாமா?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், வயது 38. மூன்று மாதத்துக்கு முன் வலது கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் வலித்தது. யூவியைட்டிஸ் (கண்ணுக்குள் வரும் அழற்சி) என்று பிரெட்னிசொலோன் என்ற ஸ்டெரொயிட் துளி மருந்து தந்தார்கள். ஒரு கிழமையில் சிவப்பு போனதும் நானே நிறுத்திவிட்டேன். இப்போது அதே கண் மறுபடி சிவந்திருக்கிறது. பாதிப் போத்தல் மிச்சமிருக்கிறது, அதையே போடலாமா? ஸ்டெரொயிட் கண்ணைக் கெடுக்கும் என்கிறார்களே?

பதில்: போட வேண்டாம். திறந்து நாலு கிழமை தாண்டிய துளி மருந்தில் கிருமி சேர்ந்திருக்கலாம், பிரிட்ஜில் வைத்திருந்தாலும் சரி.

அதைவிடப் பெரிய காரணம், இது போன தடவை வந்த அதே வருத்தம்தான் என்று கண்ணாடியில் பார்த்து உங்களாலும் சொல்ல முடியாது, எழுதியதை வாசித்து என்னாலும் சொல்ல முடியாது. கருவிழியில் ஹெர்பிஸ் வைரஸ் புண் வந்தாலும் கண் இப்படித்தான் சிவக்கும், கூசும். அதில் ஸ்டெரொயிட் துளியை மட்டும் விட்டால் புண் பரவி, தழும்பு விழுந்து, பார்வையே மங்கிப்போகலாம். பூஞ்சைத் தொற்றும் அப்படித்தான். கொடுமை என்னவென்றால், முதல் ஓரிரு நாள் சிவப்பு குறைந்து சுகமாகிற மாதிரியே இருக்கும். பார்மசியில் 'கண் சிவப்பு' என்று சொல்லி வாங்கும் துளிகளிலும் சிலவற்றில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டெரொயிட் கலந்திருக்கும், அதனால் டொக்டர் எழுதிய துண்டு இல்லாமல் எதையும் வாங்காதீர்கள்.

அதற்காக ஸ்டெரொயிட்டுக்குப் பயந்து ஒதுங்கவும் கூடாது. யூவியைட்டிஸுக்கு முதல் மருந்தே அதுதான். போடாமல் விட்டால் கருவிழிக்குப் பின்னால் இருக்கும் கதிராளி லென்ஸோடு ஒட்டிக்கொண்டுவிடும், கண் பிரஷரும் ஏறும். தொடக்கத்தில் மணிக்கு ஒரு தடவை கூடப் போடச் சொல்வார்கள், பிறகு பல கிழமைகளில் மெல்ல மெல்லக் குறைப்பார்கள். வெளிச்சிவப்பு முதலில் போய்விடும், உள்ளே அழற்சி இன்னும் இருக்கும், அது டொக்டர் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப் கருவியில்தான் தெரியும். சட்டென்று நிறுத்தினால் திரும்பி வரும். உங்களுக்கும் அப்படி நடந்திருக்கலாம், ஆனால் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல வேண்டும்.

கெடுக்கும் என்பதில் உண்மையும் உண்டு. சிலருக்கு இரண்டு மூன்று கிழமை தொடர்ந்து போட்டாலே கண் பிரஷர் ஏறும், சாதாரணமாக அது 10 முதல் 21 mmHg வரை இருக்க வேண்டும். ஏறினாலும் பெரும்பாலும் வலிக்காது, அதனால் நன்றாக இருக்கிறது என்று கிளினிக்கைத் தவறவிடக் கூடாது. மாதக்கணக்கில் போட்டால் கண்புரையும் வரலாம். வீட்டில் யாருக்காவது குளுக்கோமா (கண் நரம்பைப் பாதிக்கும், பெரும்பாலும் கண் பிரஷரோடு வரும் வருத்தம்) இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

போடும் விதமும் முக்கியம். பிரெட்னிசொலோன் அசிடேட் அடியில் படியும், நன்றாகக் குலுக்க வேண்டும், குலுக்காவிட்டால் மருந்து சரியாகக் கண்ணுக்குப் போகாது. ஒரு துளி போதும். போட்டதும் கண்ணை மூடி மூக்கோரத்தை ஒரு நிமிடம் அழுத்துங்கள், அடுத்த துளிக்கு ஐந்து நிமிடம் விடுங்கள். சுகமாகும்வரை கொன்டாக்ட் லென்ஸ் வேண்டாம்.

இன்றைக்கே லிப்டன் சுற்றுவட்டத்தில் இருக்கும் தேசிய கண் ஆஸ்பத்திரிக்கோ உங்கள் கண் டொக்டரிடமோ போங்கள், நாளைக்குத் தள்ளாதீர்கள். பழைய துண்டையும் அந்தப் போத்தலையும் காட்டுங்கள், இடையில் நிறுத்தியதையும் மறைக்காமல் சொல்லுங்கள். காலையில் எழும்பும்போது இடுப்பு விறைத்துப் பிடிக்கிறதென்றால் அதையும் சொல்லுங்கள், அடிக்கடி திரும்பும் யூவியைட்டிஸுக்குச் சில நேரம் முதுகெலும்பு மூட்டு வாதம் காரணமாக இருக்கும்.