ஷாக்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி டேப்ப எடுங்க: பைக் சஸ்பென்ஷன் கேள்வி-பதில்

வந்த கேள்வில பாதிக்கு மேல "எந்த ஷாக்ஸ் வாங்கலாம்"ங்கறதுதானுங்க. வாங்கறது கடைசி வேலை. வண்டில இருக்கறத ஒழுங்கா செட் பண்ணுனாலே நெறய பேருக்கு பிரச்சன தீந்துரும், அதனால பதிலெல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

பொள்ளாச்சி: அண்ணா, என்ற 150 சிசி வண்டி பின்னாடி தூக்கி தூக்கி அடிக்குதுங்ணா. மெக்கானிக் ப்ரீலோட கடைசி நாட்ச்ல வெச்சு ஸ்ப்ரிங்க ஹார்டு பண்ணியாச்சுன்னு சொன்னார். நான் 58 கிலோ.

மொதல்ல அத எறக்குங்க தம்பி. ப்ரீலோடுன்னா ஸ்ப்ரிங்க முன்கூட்டியே எவ்வளவு அமுக்கி வெச்சிருக்கோம்ங்கறது, ஷாக்ல இருக்கற நாட்ச், அதாவது படி, அத மாத்துறதுக்குத்தான். ப்ரீலோடு ஏத்துனா ஸ்ப்ரிங் ஹார்டு ஆகாது, ஸ்ப்ரிங் அதே ஸ்ப்ரிங்தான், வண்டி பின்னாடி எவ்வளவு ஒசரத்துல நிக்குதுங்கறது மட்டுந்தான் மாறும். 58 கிலோ ஆளு கடைசி நாட்ச்ல உக்காந்தா ஷாக் முழுசா நீண்டு முட்டிட்டே நிக்கும், குழி வந்தா சக்கரம் கீழ எறங்க எடமே இல்ல, வண்டியோட சேந்து நீங்களும் குழிக்குள்ள விழுவீங்க, அதுதான் அந்த அடி.

ஸேக்னு சொல்ற இறக்கத்த அளந்துருங்க. சென்டர் ஸ்டாண்ட் போட்டு பின் சக்கரம் தரைய தொடாம இருக்கறப்ப, ஆக்ஸில்ல (சக்கரத்தோட நடு கம்பி) இருந்து நேர் மேல சீட்டுக்குக் கீழ ஒரு எடத்துல மார்க் பண்ணி டேப் புடிச்சு எழுதிக்கோங்க. அப்புறமேட்டு ஸ்டாண்ட எடுத்துட்டு ஹெல்மெட், ஷூவோட எப்பவும் ஓட்டற மாதிரி உக்காருங்க, ஒருத்தர் வண்டிய புடிச்சுக்கட்டும், இன்னொருத்தர் அதே எடத்த அளக்கட்டும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் ட்ராவல்ல, அதாவது சக்கரம் மொத்தமா மேல கீழ போற தூரத்துல, 25ல இருந்து 30 சதவீதம் இருக்கணும். பின் சக்கர ட்ராவல் 110 எம்எம்னா 28ல இருந்து 33 எம்எம். கம்மியா இருந்தா நாட்ச்ச எறக்குங்க, ஜாஸ்தியா இருந்தா ஏத்துங்க.

டயர் காத்தயும் பாத்துருங்க. பஞ்சர் கடைல கேக்காமயே 40 அடிச்சு விட்டுருவாங்க, அப்புறம் எந்த ஷாக்ஸ் போட்டாலும் தூக்கத்தான் செய்யும். செயின் கவர்லயோ, பின் சக்கரத்த புடிச்சிருக்கற ஸ்விங் ஆர்ம்லயோ ஸ்டிக்கர் இருக்கும், அதுல போட்டிருக்கறதுதான் கணக்கு.

ஈரோடு: ஃபோர்க் ஆயில் சீல் மாத்தி ரெண்டே மாசத்துல மறுபடியும் லீக்குங்க. சீல் டூப்ளிகேட்டா இருக்குமா?

இருக்கலாம், ஆனா நான் மொதல்ல சந்தேகப்படறது ஃபோர்க்கோட, அதாவது முன் சக்கரத்த புடிச்சிருக்கற ரெண்டு காலோட, பைப்பத்தான். ஃபோர்க் பைப்ப நல்லா தொடச்சுட்டு, கட்டைவிரல் நகத்த வெச்சு மேல இருந்து சீல் வரைக்கும் மெதுவா இழுத்துட்டு வாங்க, பைப்ப சுத்தி எல்லா பக்கமும். எங்கயாவது நகம் தட்டுச்சுன்னா அங்க குரோம் பொரிஞ்சு சின்னதா துரு புள்ளி இருக்கும், கண்ணுக்கு தெரியவே தெரியாது. ஃபோர்க் ஒவ்வொரு தடவ ஏறி எறங்கறப்பவும் அந்த புள்ளி சீலோட ரப்பர் உதட்ட கிழிச்சுட்டே இருக்கும். லேசான புள்ளின்னா 2000 நம்பர் எமெரி பேப்பர்ல ஆயில் தொட்டு தேச்சு அந்த மொனைய மழுக்கிக்கலாம், ஆழமா இருந்தா பைப் மாத்தறதுதான் வழி. நகம் எங்கயும் தட்டலைன்னா உள்ள புஷ், அதாவது பைப் ஆடாம வழுக்கிப் போற வளையம், தேஞ்சிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க.

ஒண்ணு மட்டும் தள்ளிப் போடாதீங்க. லீக் ஆன ஆயில் வழிஞ்சு டிஸ்க்ல பட்டா பிரேக் புடிக்காது. பேட்ல ஆயில் ஏறியிருந்தா கழுவிப் போடாம புதுசா மாத்திருங்க, உசுரு விஷயம்.

கோவை: வால்பாறை எறங்கறப்ப பிரேக் புடிச்சா முன்னாடி மூக்கு குத்துது. 20 நம்பர் ஃபோர்க் ஆயில் ஊத்தச் சொல்றாங்க. ஊத்தலாமா?

ஆழியார் பக்கம் 40 கொண்டை ஊசி வளைவு, அங்க இது நல்லாவே தெரியும். ஆனா 20 நம்பர், அதாவது கெட்டியான ஆயில், வேண்டாமுங்க. நம்ம சாதா வண்டி ஃபோர்க்ல ஆயில் போறது நிரந்தரமான சின்ன ஓட்டை வழியா. அதுல ஆயில் போற வேகம் ரெண்டு மடங்கானா எதிர்ப்பு நாலு மடங்காகும். பிரேக் புடிக்கறப்ப ஃபோர்க் நிதானமா எறங்குது, அப்ப ஓட்டை பெருசா எதிர்ப்பு காட்டாது, அதே குழில டப்புனு அடிச்சா ஆயில் போக வழியில்லாம கல்லு மாதிரி நின்னுக்கும். 20 ஊத்துனா மூக்கு கொஞ்சம் மெதுவா குத்தும், அவ்வளவுதான், குழி இன்னும் கையத் தட்டும், ஃபோர்க் திரும்பி மேல வர்றதும் லேட்டாகும், வரிசையா மேடு பள்ளம் வந்தா முழுசா நீளாமயே அடுத்த அடிய வாங்கும்.

பழைய ஆயில வடிச்சுட்டு மேனுவல்ல சொன்ன கிரேடையே ஊத்துங்க, நாள்பட்ட ஆயில் தண்ணியா போயிருக்கும், பாதி குறை அதுலதான். அப்பவும் பத்தலைன்னா ஆயில் மட்டத்த 10 எம்எம் ஏத்தலாம். ஸ்ப்ரிங்க வெளிய எடுத்து, ஃபோர்க்க முழுசா அமுக்கி, பைப் வாயில இருந்து ஆயில் வரைக்கும் அளக்கணும், ரெண்டு காலும் ஒரே அளவு. மேல இருக்கற காத்துக்கு எடம் கொறையறதால கடைசி கொஞ்சம் தூரம் நல்லா தாங்கும். ரொம்ப ஏத்துனா சீல் போயிரும். அதுக்கும் மேல வேணும்னா உங்க வெயிட்டுக்கு ஏத்த ஸ்ப்ரிங், அப்புறம் ஆயில் போற வேகத்துக்கு ஏத்த மாதிரி வழி தெறந்து குடுக்கற எமுலேட்டர் வால்வு, பணம் அங்க போட்டா தகும். முன்பக்கம் சுத்தமா எறங்காத மாதிரியும் பண்ணிராதீங்க, கொஞ்சம் எறங்குனாத்தான் வண்டி வளைவுக்குள்ள வெசையா திரும்பும். எறக்கத்துல கியர கொறச்சுட்டு லீவர படிப்படியா அமுக்குங்க.

சத்தி: காலைல ரெண்டு பக்கமும் பால் கேன், சாயந்தரம் தனியாத்தான் போறேன். நாட்ச் எதுல வெக்கறதுங்க?

ரெண்டு வேளையும் மாத்துங்க, லோடுக்கு ஏத்தி, தனியா போறப்ப எறக்கி. டூல் கிட்ல இருக்கற சி ஸ்பேனர் போதும், சித்த நேர வேலை. ரெண்டு ஷாக்ஸும் ஒரே நாட்ச்ல இருக்கணும். லோடோட பின்பக்கம் அமுங்கியே போனா ஹெட்லைட் எதிர்ல வர்றவங்க கண்ண கூசும், முன் சக்கரத்துக்கும் பிடிப்பு கொறையும்.

திருப்பூர்: கேஸ் ஷாக்ஸ், ஒரிஜினல விட ஒரு இஞ்ச் நீளம், பாக்க கெத்தா இருக்கு. போடலாமா ப்ரோ?

உள்ள அழுத்தமா கேஸ் அடைச்ச ஷாக்ஸ் நல்லதுதான், ஆயில் சூடாகி நொரைக்காம பாத்துக்கும், ஆனா அது தெரியறது மோசமான ரோட்டுல ரொம்ப நேரம் ஓட்டறப்பத்தான். நீளம் மட்டும் வேண்டாம். பின்பக்கம் தூக்குனா ஃபோர்க் செங்குத்தாகி ஹேண்டில் படபடக்கும், செயின் ஸ்விங் ஆர்ம்ல ஒரசும், சைடு ஸ்டாண்ட்ல வண்டி ரொம்ப சாஞ்சு நிக்கும். மேல் ஓட்டைல இருந்து கீழ் ஓட்டை வரைக்கும் ஒரிஜினல் எவ்வளவோ அவ்வளவே வாங்குங்க.

கரூர்: பிரேக் புடிச்சா முன்னாடி டக்குனு சத்தம். ஃபோர்க் போச்சா?

கோன் செட்டா, அதாவது ஹேண்டில் திரும்பற எடத்துல இருக்கற பேரிங்கா, இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. முன் சக்கரத்த தூக்கி வெச்சு ஃபோர்க்கோட கீழ் முனைய ரெண்டு கைல புடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்க, ஆட்டம் தெரிஞ்சா டைட் பண்ணனும். ஹேண்டில மெதுவா திருப்பறப்ப நடுவுல சிக்கி நிக்குதுன்னா டைட் பண்ணி பிரயோஜனம் இல்ல, செட்டையே மாத்துங்க. ஃபோர்க் ஆயில் மாத்தறதும் பாக்கி இருந்தா ஒட்டுக்கா பண்ணிருங்க, கழட்டற கூலி ஒரு தடவையோட போயிரும்.