ஹெரோடோட்டஸை ஆய்வுக் கட்டுரையில் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். பாரசீகப் பேரரசு பற்றிய செமினார் கட்டுரையில், ‘கி.மு. 480இல் செர்க்சஸ் 17 லட்சம் காலாட்படையோடு கிரேக்கத்தின் மீது படையெடுத்தான்’ என்று எழுதி, பழைய கிரேக்க எழுத்தாளர் ஹெரோடோட்டஸை ஆதாரமாகக் காட்டியிருந்தேன். “அவர் பொய்களின் தந்தை, அந்த ஆளையே எடுத்துவிடு” என்கிறார் சீனியர் ஒருவர். பள்ளியில் படித்ததோ வரலாற்றின் தந்தை என்று. வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா?

பதில்: ஆளை வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாக்கியத்தை மட்டும் மாற்றுங்கள்.

முதலில் பட்டப்பெயர் விவகாரத்தை முடித்துவிடுவோம். ‘வரலாற்றின் தந்தை’ என்றவர் ரோமானியர் சிசரோ, கி.மு. முதல் நூற்றாண்டில். அதே வாக்கியத்தில் ‘இவரிடம் எண்ணற்ற கட்டுக்கதைகளும் உண்டு’ என்றும் சேர்த்துத்தான் சொன்னார். நம் பாடப்புத்தகங்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டன. ‘இவரைப் பொய்களின் தந்தை என்பதே பொருத்தம்’ என்று எழுதியவர் 16ஆம் நூற்றாண்டு ஸ்பானிய அறிஞர் விவேஸ். அவருக்கு வெகுகாலம் முன்பே கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் ஹெரோடோட்டஸின் கெட்ட எண்ணத்தைத் தோலுரிப்பதாகச் சொல்லி ஒரு நூலே எழுதினார். அதைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். புளூட்டார்க் கிரேக்கத்தின் பியோஷியா பகுதிக்காரர். அந்தப் பகுதியின் பெரிய நகரமான தீப்ஸ், செர்க்சஸின் படையெடுப்பில் பாரசீகர் பக்கம் சாய்ந்ததை ஹெரோடோட்டஸ் மறைக்காமல் எழுதியிருந்தார். ஊர்ப் பாசம் 500 வருடம் கழித்தும் விடவில்லை!

வாழ்க்கை வரலாற்றிலும் கவனம் தேவை. கி.மு. 484இல் ஹாலிகார்னசஸில், அதாவது இன்றைய துருக்கியின் போட்ரமில் பிறந்தார் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கும். ஊர் சரி. ஆண்டு ஒரு கணக்கு. கி.மு. 431இல் ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையே பெலொப்பொனேசியப் போர் தொடங்கியபோது அவருக்கு 53 வயது என்று ஒரு பழைய குறிப்பு சொல்கிறது. கூட்டிப் பார்த்தால் 484. அந்தக் குறிப்பே, தென் இத்தாலியில் தூரி என்ற குடியேற்ற நகரம் உருவான காலத்தில் அவருக்கு 40 வயது இருக்கும் என்ற ஊகத்தில் பிறந்ததாக இருக்கலாம். கொடுங்கோலன் லிக்டாமிஸ் காலத்தில் ஊரைவிட்டு சாமோஸ் தீவுக்குப் போனார் என்ற கதை 10ஆம் நூற்றாண்டு பைசாந்திய அகராதி ஒன்றில் வருகிறது. இடைவெளி 1,400 ஆண்டு. ஆகவே ‘சுமார்’, ‘என்பர்’ போட்டு எழுதுங்கள்.

சரி, அவருடைய ‘வரலாறுகள்’ நூலுக்கு வருவோம். என் மாணவர்களிடம் நான் முதலில் திறக்கச் சொல்வது இரண்டாம் புத்தகத்தின் 99ஆம் பகுதியை. எகிப்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர் அங்கே நின்று, ‘இதுவரை சொன்னது என் கண்ணால் கண்டது, நானே யோசித்தது, விசாரித்தது, இனிமேல் வருவது எகிப்தியர் சொல்லக் கேட்டது’ என்று கோடு போடுகிறார். ஏழாம் புத்தகத்தில் (7.152) இன்னும் வெளிப்படையாக, ‘சொல்லப்படுவதைச் சொல்வது என் கடமை, நம்புவது என் கடமை அல்ல’ என்கிறார். ஆக, ஒவ்வொரு தகவலுக்கும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது அவருக்கு எப்படித் தெரியும்?

பெரிய பிரமிடில் இதைப் பொருத்திப் பாருங்கள். வேலையாட்கள் தின்ற முள்ளங்கி, வெங்காயம், பூண்டுக்கு 1,600 டேலண்ட் (பழைய எடை அளவு) வெள்ளி செலவானதாக அதில் பொறித்திருக்கிறது என்கிறார். அவருக்கு எகிப்திய எழுத்து தெரியாது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் படித்துச் சொன்னதாக அவரே எழுதுகிறார். கோயில் வாசலில் கைடு சொல்வதை நோட்டில் குறித்துக்கொள்ளும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே அவர் பொய் சொல்லவில்லை. கேட்டதைச் சரியாகக் குறித்திருக்கிறார், அவ்வளவுதான்.

நேரில் பார்த்திருக்கக்கூடியவற்றில் அவர் கை ஓங்கியே இருக்கிறது. சாமோஸில் மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவந்த சுரங்கத்தை வருணித்திருந்தார். 19ஆம் நூற்றாண்டில் கிடைத்தது, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். நைல் நதியின் ‘பாரிஸ்’ என்ற சரக்குப் படகு கட்டும் விதம் பற்றி அவர் எழுதியது வெகுநாள் புரியாமலே இருந்தது. அலெக்சாண்டிரியாவுக்கு அருகே தோனிஸ்-ஹெராக்லியோனில் கடலடியில் கிடந்த ஒரு கப்பல் அந்த வருணனையோடு ஒத்துப்போவதாக 2019இல் ஆய்வு வெளிவந்தது.

அப்புறம், நம்ப முடியாததாகத் தெரிவதையெல்லாம் வெட்டிவிடாதீர்கள். இந்தியாவில் நரியைவிடப் பெரிய எறும்புகள் பொன்மணல் தோண்டுகின்றன என்ற பகுதியைக் காட்டித்தான் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் பாரசீகர் சொல்வதாகத்தான் அதை எழுதியிருக்கிறார். மகாபாரதத்தின் சபா பர்வத்தில் யுதிஷ்டிரருக்கு வந்த காணிக்கைகளிலும் எறும்பு தோண்டிய பொன் இருக்கிறது. கதை இந்தப் பக்கம் உலவியதுதான், அவர் கட்டியதல்ல. அடுத்த பகுதியிலேயே, ஆட்டு ரோமத்தைவிட அழகான ரோமம் காய்க்கும் மரங்கள், இந்தியர் அதில் உடுத்துகிறார்கள் என்று வருகிறது. அது பருத்தி. இன்னொரு இடத்தில், ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கப்பலோட்டிய ஃபினீசியக் கடலோடிகள் வழியில் சூரியன் வலப்பக்கம் இருந்ததாகச் சொன்னதை ‘நான் நம்பவில்லை’ என்று எழுதிவைத்தார். பூமத்திய ரேகைக்குத் தெற்கே மேற்கு நோக்கிப் போனால் நண்பகல் சூரியன் வலப்பக்கம்தான் இருக்கும். அவர் நம்பாத அந்த வரிதான் இன்று பயணம் நடந்திருக்கலாம் என்பதற்குப் பெரிய சான்று.

எண்கள் வேறு கதை. திரேஸில் டோரிஸ்கஸ் என்ற இடத்தில் செர்க்சஸின் படையில் 10,000 பேரை நெருக்கி நிறுத்தி, சுற்றிலும் கோடு போட்டு, தொப்புள் உயரத்துக்குச் சுவர் எழுப்பி, அதை 170 முறை நிரப்பி எண்ணினார்களாம். 17 லட்சம் அப்படி வந்ததுதான். அதோடு கடற்படை, துணைப்படை, வேலையாட்கள் எல்லாம் கூட்டி 52,83,220 என்கிறார். இத்தனை பேருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தானியம் என்று வகுத்தும் பார்க்கிறார். அந்தக் கணக்கும் பிசகுகிறது: 1,10,340 மெடிம்னோஸ் (தானிய அளவை) என்கிறார், 1,10,067 வர வேண்டும். செர்க்சஸ் வந்தபோது ஹெரோடோட்டஸுக்கு நாலைந்து வயதுதான் இருக்கும். இன்றைய ஆய்வாளர்கள் அந்தப் படையைச் சில லட்சத்துக்கு மேல் மதிப்பதில்லை.

பாரசீக அரசியல் பகுதிக்கு, பாரசீக மன்னன் டேரியஸ் பொறித்த பெஹிஸ்டூன் கல்வெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டேரியஸ் ஆட்சியைப் பிடித்த சதியில் இருந்த ஏழு பேரில் ஆறு பெயர் இரண்டிலும் ஒத்துப்போகிறது. யார் சொல்வது எங்கே வேறுபடுகிறது என்று எழுதினாலே கட்டுரைக்குக் கனம் கூடும். மேற்கோளில் பக்க எண் வேண்டாம், பதிப்புக்குப் பதிப்பு மாறும். புத்தக எண், பகுதி எண் போதும்.

உங்கள் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: ‘செர்க்சஸின் காலாட்படை 17 லட்சம் என்கிறார் ஹெரோடோட்டஸ் (7.60), ஆனால் எந்த நாடு எத்தனை வீரர்களைத் தந்தது என்று யாரும் சொல்லவில்லை என்பதை அவரே அங்கு ஒப்புக்கொள்கிறார்.’